என்ன செய்யப் போகிறீர்கள் என்று முதலில் கேளுங்கள்: ஜிம் நடத்துபவர்களுக்கு ஒரு ரன்னரின் திறந்த மடல்

வணக்கம்.

சென்னையில் ஜிம் நடத்துகிறவர்களுக்கும் அங்கே வேலை பார்க்கும் ட்ரெய்னர்களுக்கும் இதை எழுதுகிறேன். நான் நெடுந்தூரம் ஓடுகிறவள், நாற்பது வயதைத் தாண்டியவள். ஓட்டமெல்லாம் ரோட்டில்தான். அந்த ஓட்டத்துக்கு வேண்டிய பலத்தைச் சேர்க்க ஜிம்முக்கு வருகிறேன். வீடு மாற மாற ஜிம்மும் மாறியது. கண்ணாடிச் சுவரும் ஏசியும் வைத்த ஜிம்மிலும் பணம் கட்டியிருக்கிறேன், மொட்டை மாடியில் தகரக் கூரைக்குக் கீழே மின்விசிறியை நம்பி நடக்கும் ஜிம்மிலும் பணம் கட்டியிருக்கிறேன். இடம் மாறினாலும் வரவேற்பு மாறவில்லை. எந்த ஜிம்மின் பெயரையும் இங்கே சொல்லப் போவதில்லை. ஒரே ஒரு ஜிம்மின் குறை என்றால் அந்த மேனேஜரிடமே பேசி முடித்திருப்பேன்.

முதல் நாள் ரிசப்ஷனில் ஒரு படிவம் கொடுப்பார்கள். 'உங்கள் நோக்கம்' என்று கேட்டுவிட்டு, எடை குறைப்பு, எடை கூட்டுதல், பாடி பில்டிங், பொது ஃபிட்னஸ் என்று கட்டங்கள் போட்டிருப்பார்கள். முதல் மூன்றும் உடம்பு எப்படித் தெரிய வேண்டும் என்பதைப் பற்றியவை. நான்காவது, மற்ற எல்லாரையும் போட்டு வைக்கும் இடம். உடம்பால் ஒரு வேலை செய்ய வேண்டும், 42 கிலோமீட்டர் ஓட வேண்டும், ஓடி முடித்த மறுநாள் படியிறங்க வேண்டும் என்று வருகிறவருக்கு அதில் கட்டமே கிடையாது. நான் பேனாவைப் பிடித்து யோசிப்பதற்குள் எதிரில் இருப்பவர் என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "மேடம் ஏற்கனவே ஸ்லிம்மாதானே இருக்கீங்க, மெயின்டனன்ஸ் போதும்" என்று சொல்லிவிடுவார். அதோடு என் கதை முடிந்தது. கால் வலுவாக இருக்கிறதா, எங்கே வலிக்கிறது, என்ன சாப்பிடுகிறேன், எதுவும் கேட்பதில்லை.

ஒல்லியாக இருப்பது நலமாக இருப்பது ஆகாது, அதிலும் ஓடுகிற பெண்களுக்கு. ஓட்டத்துக்கு ஏற்ற அளவு சாப்பிடாமல் ஓடினால் மாதவிடாய் தள்ளிப்போகும், சில சமயம் நின்றே போகும். எலும்பு அடர்த்தி குறைந்து, கீழே விழாமலேயே எலும்பில் கீறல் விழும். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014-ல் இதற்கு ரெட்-எஸ் என்று தனிப் பெயர் வைத்து, ஆண்களுக்கும் இது வரும் என்று எச்சரித்தது. ஆகவே மெலிந்த ஒரு பெண் உள்ளே வரும்போது, "சூப்பர் மேடம், இப்படியே இருங்க" என்று பாராட்டுவதற்கு முன்னால் கொஞ்சம் நில்லுங்கள். அவருக்கு அன்றைக்கு வேண்டியது ஒரு நல்ல சாப்பாடும் ஒரு டாக்டரும் என்றிருக்கலாம்.

சரி, முட்டி விஷயத்துக்கு வருகிறேன். "ஓடுனா முட்டி தேஞ்சிடும்" என்று எனக்குச் சொல்லாத ட்ரெய்னர் அபூர்வம். சொல்கிறவரின் அக்கறையில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2017-ல் ஒரு கட்டுரை வெளியானது. இடுப்பு அல்லது முழங்கால் மூட்டுத் தேய்மானம், ஆசைக்காகவும் ஆரோக்கியத்துக்காகவும் ஓடுகிறவர்களில் 3.5 சதவீதம் பேருக்கு இருந்தது. ஓடாமல் உட்கார்ந்தே இருப்பவர்களில் 10.2 சதவீதம். போட்டிக்காகவே கடுமையாக ஓடுகிறவர்களில் 13.3 சதவீதம். ஓட்டம்தான் மூட்டைக் காப்பாற்றியது என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. மூட்டு நன்றாக இருப்பவர்கள்தான் தொடர்ந்து ஓடுகிறார்கள் என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். போட்டிக்காரர்களின் எண்ணையும் நான் மறைக்கவில்லை. ஆனால் காலையில் பெசன்ட் நகர் கடற்கரைச் சாலையில் ஓடிவிட்டு வேலைக்குப் போகிற ஒருவரைப் பார்த்து, முட்டி போய்விடும் என்று பயமுறுத்த இதில் இடமே இல்லை.

ஓடுகிறவர்களுக்கு அடிபடும், அதை எந்த ரன்னரும் மறுக்க மாட்டார். முன்னங்கால் எலும்பில் வலி, குதிகாலில் வலி, முழங்காலின் வெளிப்பக்கத்தில் கத்தியால் கீறுவது போன்ற வலி எல்லாம் எங்களுக்குப் பழக்கம். ஒவ்வொரு அடிக்கும் உடல் எடையைப் போல இரண்டு மூன்று மடங்கு விசை காலில் இறங்குகிறது. கெண்டைக்காலும் தொடையும் இடுப்பும் அதைத் தாங்கத் தயாராக இல்லை என்றால் வலிக்கத்தான் செய்யும். அந்தத் தயாரிப்பைச் செய்ய உங்கள் இடத்தைவிட நல்ல இடம் ஏது? அதற்காகத்தானே வருகிறோம். வந்தவரிடம் "ஓடுறத நிறுத்திடுங்க" என்று சொன்னால் நாங்கள் எங்கே போவது?

அடுத்தது டிரெட்மில். சென்னையில் அக்டோபர் நடுவில் தொடங்கி டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. சென்னை மாரத்தான் ஜனவரியில். எங்களுடைய மிக நீளமான பயிற்சி ஓட்டங்கள் எல்லாம் சரியாக அந்த மழை மாதங்களில்தான் வந்து விழும். தண்ணீர் தேங்கிய தெருவில் எந்த மேன்ஹோல் திறந்து கிடக்கிறது என்று தெரியாது. மின்பெட்டிப் பக்கம் போகவே பயம். பெண்களுக்கு மழை இல்லாத நாட்களிலும் பிரச்சினைதான். விடியற்காலை நாலரை மணிக்குத் தெருவிளக்கு எரியாத சந்தில் நாய்கள் துரத்தும், பைக்கை மெதுவாக்கிக் கூடவே வருகிறவர்களும் உண்டு. எங்களில் பலருக்கு டிரெட்மில் ஒரு சொகுசு இல்லை. அன்றைக்கு ஓட முடியுமா முடியாதா என்பதை அதுதான் தீர்மானிக்கிறது.

அப்படி ஒரு நவம்பர் மாலை. வெளியே கொட்டுகிறது. உள்ளே நான் சீரான வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கிறேன். பக்கத்து மெஷின்கள் காலி. ட்ரெய்னர் ஒருவர் வந்து கைப்பிடியில் கையை ஊன்றிக்கொண்டு, "மேடம், போதும். இவ்ளோ கார்டியோ பண்ணா மசில் எல்லாம் கரைஞ்சிடும்" என்றார். சொன்னதோடு நிற்கவில்லை, நான் பதில் சொல்வதற்குள் வேகத்தைக் குறைக்கும் பட்டனை அழுத்திவிட்டார். கால் தடுமாறிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். பெஞ்ச் பிரஸ்ஸில் படுத்துக்கொண்டு எடையைத் தள்ளுகிற ஒருவரின் பாரைக் கேட்காமல் யாராவது பிடித்து இழுப்பார்களா? அது ஆபத்து என்று உங்கள் எல்லோருக்கும் தெரியும். ஓடிக்கொண்டிருப்பவரின் மெஷினில் கை வைப்பதும் அதே ஆபத்துதான். சுவரில் '20 நிமிடங்களுக்கு மேல் பயன்படுத்தக் கூடாது' என்று எழுதி ஒட்டியிருப்பதை நான் மதிக்கிறேன். மாலையில் வரிசையில் ஆள் நிற்கும்போது அது நியாயமான விதி. மத்தியானம் ஜிம்மே காலியாக இருக்கும்போது அந்தத் தாளைக் காட்டி இறக்கிவிடுவதில் என்ன நியாயம்?

ஓட்டம், சைக்கிள் மாதிரி கார்டியோ செய்தால் மசில் கரையும் என்ற பேச்சுக்கு ஒரு மூலம் உண்டு. 1980-ல் ராபர்ட் ஹிக்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர் ஒரு பரிசோதனை நடத்தினார். ஒரு குழு வாரம் ஐந்து நாள் எடைப் பயிற்சி மட்டும் செய்தது. இன்னொரு குழு வாரம் ஆறு நாள் கடுமையான ஓட்டமும் சைக்கிளும் மட்டும். மூன்றாவது குழு இரண்டையும் சேர்த்துச் செய்தது. பத்து வாரம். சேர்த்துச் செய்தவர்களின் கால் வலிமை ஏழாவது வாரம்வரை கூடிக்கொண்டே போய், அங்கே நின்று, கடைசி இரண்டு வாரங்களில் இறங்கியது. இதைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை வருடப் பேச்சும். அந்தக் குழு எவ்வளவு உழைத்தது என்று பாருங்கள்: வாரத்துக்குப் பதினொரு கடுமையான பயிற்சிகள். அப்படிப் பயிற்சி செய்கிற ஆள் உங்கள் ஜிம்மில் எத்தனை பேர்? அதே பரிசோதனையின் இன்னொரு பாதியை யாரும் சொல்வதில்லை. எடைப் பயிற்சி சேர்ந்ததால் அந்த மூன்றாவது குழுவின் ஓட்டத் திறன் குறையவே இல்லை, ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறன் ஓட்டம் மட்டும் செய்தவர்களைப் போலவே கூடியது. ஒரு ரன்னருக்கு அந்த ஆய்வு சொல்வது, "பயப்படாமல் வெயிட் தூக்கு" என்பதுதான். 1999-ல் ஃபின்லாந்தில் தேர்ந்த ஓட்டக்காரர்களை வைத்து நடந்த ஆய்வில், தாவல், வேக ஓட்டம், பலப் பயிற்சி என்று ஒன்பது வாரம் சேர்த்தபோது 5 கிலோமீட்டர் நேரமே குறைந்தது. உலகச் சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டியும் இரண்டையும் சேர்த்தே கேட்கிறது: வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வேக நடை போன்ற மிதமான கார்டியோ, கூடவே இரண்டு நாளாவது தசைக்குப் பயிற்சி. ஓட்டமும் வெயிட்டும் எதிரிகள் என்ற நினைப்பு ஜிம்முக்குள் மட்டும்தான் உயிரோடு இருக்கிறது.

பெண் என்பதால் எனக்குக் கூடுதலாகக் கிடைத்தவை வேறு. கனமான பாரைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழும் ஸ்குவாட் ரேக் பக்கம் போனால், "மேடம், அது ஜென்ட்ஸ் யூஸ் பண்றது, நீங்க இந்தப் பக்கம் வாங்க" என்று ரோஸ் கலர் டம்பெல் இருக்கும் மூலைக்குக் கூட்டிப் போவார்கள். கனமாகத் தூக்கினால் ஆம்பிளை மாதிரி ஆகிவிடுவீர்கள் என்பார்கள். ஓடினால் முகம் வற்றிப்போகும், கர்ப்பப்பை இறங்கிவிடும் என்பார்கள். கர்ப்பப்பைக் கதை நம் ஊரில் மட்டும் சொன்னது இல்லை. 1967-ல், ஆண்களுக்கு மட்டும் என்றிருந்த பாஸ்டன் மாரத்தானில் கேத்ரின் ஸ்விட்சர் என்ற பெண் ஓடியபோது அமெரிக்காவிலும் இதையே சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஓடும்போதே போட்டி அதிகாரி ஒருவர் பாய்ந்து வந்து அவர் மார்பில் குத்தியிருந்த எண்ணைப் பிடுங்கப் பார்த்தார். 1928 ஒலிம்பிக்கில் பெண்களுக்கு 800 மீட்டர் வைத்தார்கள், ஓடி முடித்தவர்கள் களைத்து விழுந்தார்கள் என்று பத்திரிகைகள் கூச்சல் போட, 1960 வரை அந்தப் போட்டியே இல்லாமல் போனது. பெண்களுக்கு ஒலிம்பிக் மாரத்தான் வந்தது 1984-ல்தான். அதே லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில்தான் நம் பி.டி. உஷா 400 மீட்டர் தடை ஓட்டத்தில் நொடியில் நூறில் ஒரு பங்கில் வெண்கலத்தைத் தவறவிட்டார்.

கனமான எடையைப் பொறுத்தவரை, 2018-ல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வை உங்கள் பெண் உறுப்பினர்களுக்கெல்லாம் எடுத்துச் சொல்ல வேண்டும். மாதவிடாய் நின்ற, எலும்பு அடர்த்தி குறைந்த பெண்கள். சராசரி வயது 65. வாரம் இரண்டு நாள், தடவைக்கு அரை மணி நேரம், பயிற்சியாளரின் கண்காணிப்பில், தரையிலிருந்து பாரைத் தூக்கும் டெட்லிஃப்ட், ஸ்குவாட், தலைக்கு மேல் தூக்கும் பிரஸ். அவரவர் தூக்கக்கூடிய உச்ச எடையில் 85 சதவீதத்துக்கு மேல், ஐந்து ஐந்து முறையாக. எட்டு மாதத்தில் முதுகெலும்பின் அடர்த்தி கூடியது. அறுபத்தைந்து வயதுப் பாட்டிகள் செய்ததை நாற்பது வயதுப் பெண் செய்யக் கூடாது என்று சொல்ல என்ன ஆதாரம் வைத்திருக்கிறீர்கள்?

இனி, எனக்கு மிகவும் கோபம் வந்த சம்பவம். என்னோடு ஓடும் தோழி ஒருத்தி. பருத்த உடம்பு. மெதுவாக ஓடுவாள், ஆனால் நிற்க மாட்டாள். 21 கிலோமீட்டர் ஹாஃப் மாரத்தான்களை நேரத்துக்குள் முடித்து மெடல் வாங்கியவள். குதிகாலுக்கு மேலே வலி வந்ததால், கெண்டைக்காலை வலுப்படுத்தலாம் என்று ஒரு ஜிம்முக்குப் போனாள், துணைக்கு நானும் போனேன். அவள் வலியைச் சொல்ல வாயெடுத்தபோதே ட்ரெய்னர் அவளை, உடம்பில் கொழுப்பும் தசையும் எவ்வளவு என்று காட்டும் பி.சி.ஏ மெஷினில் ஏற்றினார். வெறும் காலை உலோகத் தட்டில் வைத்து, இரண்டு கையிலும் பிடியைப் பிடித்து நிற்க வேண்டும். தாள் வெளியே வந்தது. சிவப்புக் கோடுகளைப் பேனாவால் ஒவ்வொன்றாகச் சுழித்துக் காட்டினார். சுற்றிலும் நாலைந்து பேர் நிற்கிறார்கள், சத்தமாகவே படித்தார். கடைசியில், "முதல்ல முப்பது கிலோ குறைங்க மேடம். அப்புறம் ஓடுறதப் பத்தி யோசிக்கலாம்" என்றார். முந்தைய ஞாயிற்றுக்கிழமைதான் அவள் ஓடிவிட்டு வந்திருந்தாள். கூடவே ஆறு மாத பெர்சனல் ட்ரெய்னிங் பேக்கேஜின் விலையும் சொன்னார். கெண்டைக்காலை அவர் தொட்டும் பார்க்கவில்லை, கேட்கவும் இல்லை. தோழி அந்தத் தாளை நான்காக மடித்து ஹேண்ட்பேகில் வைத்துக்கொண்டாள். ஆட்டோவில் வரும் வழியெல்லாம் பேசவில்லை. அதன் பிறகு அவள் எந்த ஜிம்முக்கும் போகவில்லை.

அந்த மெஷினைப் பற்றியும் சொல்ல வேண்டும். உடம்புக்குள் மெல்லிய மின்சாரத்தைச் செலுத்தி, அது எவ்வளவு தடைபடுகிறது என்பதை வைத்துக் கொழுப்பையும் தசையையும் அது கணக்கிடுகிறது. நேரில் அளப்பதில்லை, உடம்பில் உள்ள தண்ணீரை வைத்து ஊகிக்கிறது. மே மாதம் ஓடி வியர்த்துவிட்டு நேராக வந்து நின்றால் ஒரு எண், நன்றாகத் தண்ணீர் குடித்து ஓய்வெடுத்தபின் நின்றால் இன்னொரு எண். மாதக்கணக்கில் ஒரே நேரத்தில், ஒரே நிலையில் அளந்தால் போக்கு தெரியும், பிரயோசனம் உண்டு. முதல் நாளே அந்தத் தாளைக் காட்டித் தீர்ப்பு சொல்வது சரியில்லை.

ஆண்களையும் விடுவதில்லை. எங்கள் குழுவில் ஒரு தம்பி, மூன்றரை மணிக்குள் மாரத்தான் முடிப்பவர். ஜிம்மில் அவர் பெயர் 'நோஞ்சான்'. "காத்தடிச்சா பறந்துடுவீங்க ப்ரோ" என்று சிரித்துவிட்டு எடை கூட்டும் மாஸ் கெயினர் பவுடர் டப்பாவை நீட்டுவார்கள். போட்டிகளில் பெயர் கொடுத்து ஓடுகிறவர் எந்தப் பவுடரையும் எளிதாக வாயில் போட முடியாது. லேபிளில் போடாத தடை செய்யப்பட்ட பொருள் உள்ளே கலந்திருக்கலாம் என்று ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்புகளே வீரர்களை எச்சரிக்கின்றன. தெரியாமல் சாப்பிட்டேன் என்றால் தண்டனை குறையலாம், ஓடிய ஓட்டம் திரும்பி வராது.

இதையெல்லாம் ட்ரெய்னர் தம்பி தங்கைகள் தலையில் மட்டும் போட எனக்கு மனம் வரவில்லை. எனக்குத் தெரிந்த ட்ரெய்னர்கள் விடிகாலையில் வந்து ஜிம்மைத் திறந்து, மத்தியானம் கொஞ்சம் படுத்துவிட்டு, இரவு பூட்டும்வரை நிற்கிறார்கள். சம்பளம் சொற்பம். மாதத்துக்கு இத்தனை பேக்கேஜ் விற்க வேண்டும் என்ற டார்கெட் தலைக்கு மேல். ஒருவரின் உடம்பில் குறை கண்டுபிடித்தால்தான் பேக்கேஜ் விற்கும் என்று ஆக்கி வைத்தால், அவர் குறையைத்தான் தேடுவார். அந்த ஏற்பாட்டைச் செய்தவர்கள் உரிமையாளர்களாகிய நீங்கள். எங்கள் பக்கத்து ஆட்களுக்கும் ஒரு வார்த்தை: "ஜிம் பாடி எல்லாம் சும்மா காத்து, ரெண்டு கிலோமீட்டர் ஓடச் சொல்லு பாப்போம்" என்று ஓட்டக் குழுக்களில் பேசுகிறோமே, அதையும் நிறுத்த வேண்டும். நூறு கிலோவைத் தரையிலிருந்து தூக்குவது விளையாட்டு இல்லை.

நல்லது நடந்ததையும் சொல்கிறேன். தகரக் கூரை ஜிம்மில் இருந்த ஒரு இளம் ட்ரெய்னர், நான் ஓடுகிறேன் என்றதும், "எங்கக்கா வலிக்கும்? எத்தனாவது கிலோமீட்டர்ல ஆரம்பிக்கும்?" என்று கேட்டார். ஏறும்போதா இறங்கும்போதா என்று கேட்டார். சென்னையில் மலை ஏது, மேம்பாலங்கள்தான் எங்களுக்கு மலை. பாலம் இறங்கும்போது முழங்காலின் வெளிப்பக்கம் வலிக்கும் என்றேன். கண்ணாடி முன் ஒற்றைக் காலில் நிற்க வைத்து, மெதுவாக உட்காரச் சொன்னார். வலது காலில் நின்றபோது முட்டி உள்பக்கம் சரிந்தது, இடுப்பின் இடது பக்கம் தொங்கியது. அவர் எதுவும் சொல்லவில்லை, கண்ணாடியைக் காட்டினார், நானே பார்த்தேன். தரையில் டேப் ஒட்டி, முட்டி அந்தக் கோட்டைத் தாண்டாமல் உட்காரப் பழக்கினார். பின்கால் பெஞ்சில் வைத்து ஸ்பிளிட் ஸ்குவாட், படிக்கட்டு விளிம்பில் எடைப் பிளேட்டை அணைத்துக்கொண்டு குதிகாலை உயர்த்தும் ஒற்றைக்கால் காஃப் ரெய்ஸ், பிறகு மெல்ல மெல்ல எடை கூட்டி டெட்லிஃப்ட். அந்த மழைக்காலம் முடிந்து ஜனவரியில் பாலம் இறங்கியபோது கால் என் பேச்சைக் கேட்டது. அவர் ஓட்டக்காரர் இல்லை, பாடி பில்டிங் போட்டிகளுக்குத் தயாராகிக்கொண்டிருந்தவர். என் வேலை என்னவென்று கேட்டுத் தெரிந்துகொண்டார், அவ்வளவுதான்.

எனவே உரிமையாளர்களிடம் நான் கேட்பது இவைதான். படிவத்தில் 'என்ன செய்ய விரும்புகிறீர்கள்' என்று ஒரு வரி சேர்த்து, எழுத இடம் விடுங்கள். ஓடுவது, நீந்துவது, பேரனைத் தூக்குவது, சபரிமலை ஏறுவது என்று மக்கள் எழுதுவார்கள். பி.சி.ஏ அளவு வேண்டுமா என்று கேட்டுவிட்டு அளங்கள், தாளைத் தனியாக உட்கார்ந்து விளக்குங்கள். பெண்கள் ஸ்குவாட் ரேக்கில் நின்றால் நகரச் சொல்லாமல் பாரைப் பிடிக்கும் முறையைச் சொல்லிக் கொடுங்கள். டிரெட்மில் விதியைக் கூட்ட நேரத்துக்கு மட்டும் வையுங்கள். ட்ரெய்னர்களின் சம்பளத்தைப் பேக்கேஜ் விற்பனையிலிருந்து கொஞ்சமாவது பிரித்துவிடுங்கள்.

ட்ரெய்னர்களுக்கு இன்னொன்று. எங்கள் குழுவில் எல்லா அளவு உடம்புகளும் உண்டு, பலருக்குப் பலப் பயிற்சி தேவை, வழிகாட்ட ஆள் இல்லை. ஓட்டக்காரர்களுக்கு எப்படிப் பயிற்சி கொடுப்பது என்று கற்றுக்கொள்ள விரும்புகிறவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரை மணிக்குப் பெசன்ட் நகர் கடற்கரைக்கு வாருங்கள். நாங்கள் எப்படி ஓடுகிறோம், எங்கே தளர்கிறோம் என்று கூடவே வந்து பாருங்கள். ஓட வேண்டாம், சைக்கிளில் வந்தாலும் போதும். டிபன் எங்கள் செலவு. என் தோழியும் அங்கே இருப்பாள், அவள் குதிகால் இன்னும் வலிக்கிறது.

இப்படிக்கு,
மாதா மாதம் உங்களிடம் பணம் கட்டும் ஒரு ரன்னர்,
சென்னை.